தவழ்றவனுக்குப் பட்டா கிடையாது

ஏம்மா பேத்தி, அந்தக் கரண்டியை வச்சிட்டு இப்படி உக்காரு. காலையில பால் பாக்கெட்டை எடுத்ததுல இருந்து "அக்காதானே நீ, விட்டுக்குடு, விட்டுக்குடு"ன்னு அந்தப் பொண்ணை வறுத்துக்கினு இருக்கியே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அக்கா ஆவணும்னு அவ உங்கிட்ட மனு போட்டாளா? மூணு வயசுல, அவளைக் கேக்காம கொள்ளாம, யாரோ ஒருத்தனைத் துணியில சுத்தி இட்டாந்து கூடத்துல படுக்க வச்சீங்க. அன்னைக்கே அவளுக்குப் பதவி உயர்வு. சம்பளம் கெடையாது, லீவு கெடையாது, ஒரே வேலை விட்டுக்குடுக்குறது. கம்பெனியா இருக்குற தாம்பரம் மெப்ஸ்ல போய் இந்தக் கண்டிசனுக்கு ஆள் கேட்டுப் பாரு, கேட்டுல நிக்கிற வாட்ச்மேனே சிரிப்பான்.

மாப்ள, நீங்க சிரிக்காதீங்க. உங்க கணக்கு அப்பால வருது.

போன மாசம் வரைக்கும் அவளுக்குத் தம்பின்னா உசுரு. முத்தம் குடுப்பா, கொசு ஓட்டுவா, அவன் தும்முனா இவ மூக்கைத் தொடைச்சிக்குவா. நீயும் அதைப் போட்டோ எடுத்து சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பி, "எம் பொண்ணுக்கு எம்புட்டுப் பாசம் பாருங்க"ன்னு பெருமை அடிச்சே. பாசமும்தான், இல்லைங்கல. ஆனா முக்காவாசி காரணம் வேற. பொடியன் போட்ட எடத்துல கெடந்தான். பக்கத்து மனைக்காரன் மனையைக் காலியாப் போட்டு வச்சிருக்குற வரைக்கும் அவன் தங்கமான மனுசன். ஒருநாள் விடிஞ்சி பாத்தா வேலிக்கல்லு ரெண்டடி இந்தப் பக்கம் நகந்து கெடக்கும், அன்னைக்குத் தெரியும் சேதி.

நம்ம பொடியன் இப்ப வேலிக்கல்லை நகத்த ஆரம்பிச்சிட்டான். நேத்து சாயங்காலம் ஊந்து ஊந்து போய், அவ நாக்கைத் துருத்திக்கினு அடுக்கி வச்ச கட்டையில கை வச்சான். கட்டையெல்லாம் சரிஞ்சிது. அவ கத்துனா. நீ ஓடியாந்து இன்னா சொன்னே? "பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுடி, பாவம்." ஆக்கிரமிச்சவன் பாவம், பட்டாக்காரி பொல்லாதவ. இந்த ஞாயத்தை எந்தத் தாலுக்கா ஆபீசுல கத்துக்கினே?

அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்குறது வாஸ்தவம்தான். அவன் கண்ணுக்கு இந்த வீடு மொத்தமும் புறம்போக்கு. செருப்பும் அவனுது, துடைப்பமும் அவனுது, என் வெத்தலைப் பொட்டியும் அவனுது. ஆனா அவளுக்குத் தெரியுமில்ல? மாப்ள இந்த ஃபிளாட்டை வாங்குறதுக்கு முந்தி 30 வருசத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தார். வக்கீலு கிட்ட ஒருதரம், பேங்க்ல ஒருதரம், கடைசியா என் கிட்டயும் அந்தக் காகிதத்தை நீட்டினார், என் கண்ணுக்குச் சின்ன எழுத்து தெரியாதுன்னு தெரிஞ்சும். எண்ணூறு சதுர அடிக்கு அம்புட்டுக் காகிதம் வேணும். அந்தப் பொண்ணோட சொப்புச் சாமானுக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டு கெடையாது. நாலு வயசுல அவளுக்குன்னு இருக்குறது ஒரு பொம்மை, ஒரு கிழிஞ்ச போர்வை, பத்துப் பன்னெண்டு கட்டை. அதையும் "எல்லாருக்கும் பொது"ன்னு அறிவிச்சிட்டே. உன் கழுத்துச் சங்கிலியைப் பொதுன்னு அறிவிக்க வேண்டியதுதானே? உன் நாத்தனா ரெண்டு வருசமா அதைப் பாத்துக்கினுதான் இருக்கா.

எங்க ஊருப் பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயா ஒருத்தர், மதுராந்தகத்துல இருந்து சைக்கிள்ல வருவார். சாயங்காலம் திண்ணையில உக்காந்தா பிள்ளைத்தமிழ் கதை சொல்வார். பத்துப் பருவமாப் பிள்ளையைப் பாடுறது அது. அதுல ரெண்டாவது செங்கீரை. அஞ்சு மாசத்துல பிள்ளை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, ரெண்டு கையையும் ஊனித் தலையைத் தூக்கி ஆடும் பாரு, அதான். தவழ்றதுக்கு முந்தி வண்டியைக் கெளப்புறது. அந்தக் காலத்துப் புலவன் எத்தினி பிள்ளைங்களைத் தரையில படுத்து உத்துப் பாத்திருந்தா அந்தக் காலு மடிப்பைக் கண்டுபுடிச்சிருப்பான்! ஆம்பளைப் பிள்ளைன்னா கடைசி மூணு பருவத்துல ஒண்ணு சிற்றில். இதைக் கவனமாக் கேளு. தெருவுல பொண்ணுங்க மண்ணுல சின்ன வீடு கட்டி, மண்ணுச் சோறு ஆக்கி விளையாடுவாங்க. இந்தத் துரை வந்து காலால எத்தி அழிப்பார். அழிக்கிறவன் முருகனா இருக்கலாம், குலோத்துங்க சோழனா இருக்கலாம், பாட்டுக்குத் தலைவன் அவன்தான். ஆனா புலவன் பாட்டை யாரு வாயில வச்சிப் பாடுறான்? வீடு கட்டுன பொண்ணுங்க வாயில. "அழிக்காதேடா"ன்னு அவங்க கெஞ்சுறதுதான் பாட்டே. ஆண்டாளும் ஒரு பத்துப் பாட்டு முழுக்க அந்த வழக்கைத்தான் கண்ணன் மேல போட்டிருக்கா. சோழ ராசா கிட்ட பொற்காசு வாங்குன புலவனே மண்ணு வீட்டுக்காரி பக்கம் நின்னு பேசுனான். உனக்கு யாரு காசு குடுத்தாங்கன்னு எத்துன கால் பக்கம் நிக்குறே?

அந்தப் பருவம் முடிஞ்சாலும் நிம்மதி இல்லம்மா. சிறுபறைன்னு ஒண்ணு இருக்குது, பறை அடிக்கிறது. உன் எவர்சில்வர் தட்டையெல்லாம் இப்பவே எண்ணி வச்சிக்க.

இன்னொண்ணு. "எதிர்வீட்டுப் பிள்ளை ஏழு மாசத்துலயே தவழ்ந்துச்சி, இவன் எட்டு முடிஞ்சிதான் கெளம்புனான்"னு ஒரு வாரம் தூங்காமக் கெடந்தியே. மாப்ள போன்ல படிச்சிக் காட்டுனார், நானும் கேட்டேன். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கான்னு 5 நாட்டுப் பிள்ளைங்களைப் பாத்து 2006-ல கணக்குச் சொல்லியிருக்குது. கையும் முட்டியும் ஊனித் தவழ்றது 5 மாசத்துல இருந்து பதிமூணரை மாசத்துக்குள்ள எப்ப வேணா வரலாமாம். 100-க்கு 4 பிள்ளைங்க அப்படித் தவழாமயே எழுந்து நடந்துடுதாம். இதுல எதிர்வீட்டோட இன்னா போட்டி? எலெக்‌ஷன் டெபாசிட்டா போவுது?

இப்ப மாப்ள கணக்குக்கு வர்றேன். "ஷேர் பண்ணக் கத்துக்கணும் பாப்பா, ஷேரிங் இஸ் கேரிங்"னு போன வாரம் பிள்ளைக்குப் பாடம் எடுத்தார். நல்ல பாடம். வாத்தியார் எப்படின்னு சோதிக்கலாம்னு எனக்கு ஒரு ஆசை. மேசை மேல இருந்த அவர் போனை எடுத்தேன். வாசல்ல விளையாடிக்கினு இருந்த எதிர்வீட்டுப் பையன் கிட்டக் குடுத்தேன். "வச்சிக்கடா ராசா, மாமா ரொம்ப நல்லவர், விட்டுக்குடுப்பார்." குளிச்சிக்கினு இருந்தவர் சோப்பு நுரையோட ஓடியாந்தாரு பாரு! தண்ணி லாரிக்குக் கூட அந்த வேகத்துல வெளிய வந்து நான் பாத்ததில்ல. பையன் கையில இருந்து புடுங்கலை, மரியாதையா, "குடு கண்ணு, குடு கண்ணு, அங்கிள் வேலை விசயம்"னு கெஞ்சுனார். அவன் அழுதான். நான் சொன்னேன், "மாப்ள, நீங்க பெரியவர்தானே, விட்டுக்குடுங்க." அன்னைக்கு ராத்திரி வரைக்கும் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசலை.

கோச்சிக்காதீங்க மாப்ள, நீங்க மட்டுமா? இந்த அபார்ட்மென்ட்டுல கார் நிறுத்துற எடத்துல மஞ்சப் பெயின்ட்டுல கோடு போட்டு, நம்பர் எழுதி, நடுவுல ஒரு செடித் தொட்டியும் வச்சிருக்கீங்க. இத்தனைக்கும் பாதிப் பேர் கிட்ட காரே இல்ல. மோட்டார் போட்டா யார் வீட்டு மீட்டர் ஓடுதுன்னு மாசாமாசம் மீட்டிங். ஊருப் பேருலயும் இதே கதைதான். 2021 நவம்பர்ல 5 நகராட்சி, 5 பேரூராட்சி எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து தாம்பரம் மாநகராட்சின்னு ஆக்குனாங்க. பல்லாவரத்துல பொறந்து வளந்தவனை நிறுத்தி "எந்த ஊரு"ன்னு கேட்டுப் பாரு, தாம்பரம்னு சொல்லிடுவானா? சிட்லபாக்கத்துக்காரன் சொல்வானா? அனகாபுத்தூர்க்காரன்? ஒரு பேரை விட்டுக்குடுக்க இத்தினி பெரிய மனுசங்களுக்கு மனசு வரலை. பாப்பா பொம்மையை விட்டுடணுமாம்.

பெரியவங்க விட்டுக்குடுக்குறதே இல்லையான்னு கேக்காதே. குடுக்குறாங்க, நான் பாத்திருக்கேன். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் 1931-ல இருந்து மின்சார ரயில் ஓடுது. அதுல மூணு பேர் உக்கார்ற பலகையைப் பாத்திருப்பே. நாலாவதா ஒருத்தர் வந்து நிப்பார். வாயைத் தொறக்க மாட்டார், கண்ணால கேப்பார். உக்காந்திருக்குற மூணு பேரும் மூஞ்சியை ஜன்னல் பக்கம் வச்சிக்கினே ஆளுக்கு ஒரு விரக்கடை நகருவாங்க. வந்தவர் பாதி ஒடம்பு பலகையில, பாதி ஒடம்பு அந்தரத்துலன்னு கிண்டி வரைக்கும் போவார். சண்டை கெடையாது, சாட்சி கெடையாது. அதே எடத்துல ஒருத்தரைப் பாத்து, "நீ மூத்தவன்தானே, எழுந்து அவருக்குக் குடு"ன்னு ஒரு போலீஸ்காரர் வந்து அதட்டுனா இன்னா ஆவும்? குரோம்பேட்டை வர்றதுக்குள்ள ரத்தக்களறி ஆவும். நகந்து உக்காரச் சொன்னா மனுசன் நகருவான். எழுந்து போவச் சொன்னா எவனும் எழுந்துக்க மாட்டான். நீ அவளை எழுந்துக்கச் சொல்றே. நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும், "கொஞ்சம் நகந்துக்க கண்ணு, அவனும் இப்படி ஒரு ஓரமா உக்காரட்டும்"னு சொல்லிப் பாரேன்.

சாமி வீட்டுலயே இது நடக்கலம்மா. சிவனுக்கு ரெண்டு பசங்க, ஒரு மாம்பழம். உலகத்தைக் காக்குறவர் வீட்டுல ஒரு அருவாமணை இல்லாமப் போச்சி. ரெண்டா நறுக்கி, கொட்டையை அப்பன் சப்பியிருந்தா கதை முடிஞ்சிருக்கும். பந்தயம் வச்சார். யாரு மொதல்ல உலகத்தைச் சுத்துறதுன்னு. பெரியவன் அப்பா அம்மாவைச் சுத்திப் பழத்தை வாங்கிக்கினான், சின்னவன் கோச்சிக்கினு மலையேறிட்டான். இங்க இருக்குற குன்றத்தூர்லயும் மலை மேலதான் நிக்குறான், திருப்போரூர்ல சண்டை முடிச்சித் திருத்தணிக்குப் போற வழின்னு சொல்றாங்க. அப்பன்காரன் பந்தயம் வச்ச வீட்டுல பிள்ளைங்க இப்படித்தான். நீயும்தானே வைக்குறே? "யாரு மொதல்ல சாப்புடுறாங்களோ அவங்கதான் குட் கேர்ள்"னு. ஒருத்திக்கு நாலு வயசு, இன்னொருத்தன் இன்னும் கீரை மசியலை நெத்தியில தடவிக்குறான்.

அதே குன்றத்தூர்ல இன்னொரு அண்ணன் தம்பி இருந்தாங்க. சேக்கிழாரைச் சொல்றேன். அநபாய சோழனுக்கு மந்திரி. பெரியபுராணம் பாடி முடிச்சாரு, இனிமே எனக்கு மந்திரி வேலை வேணாம்னு சிவத்தொண்டுக்குப் போய்ட்டார். அந்த எடம் அவர் தம்பி பாலறாவாயருக்கு வந்துச்சின்னு வரலாறு சொல்றாங்க. எப்படிப்பட்ட அண்ணன், பாத்தியான்னு நீ அவ கிட்டச் சொல்லக் கெளம்புவே. சொல்லாதே. அவர் விட்டுக்குடுத்தப்ப வயசு நாலு இல்ல. நாலாயிரத்துக்கு மேல பாட்டு எழுதிக் கை நெறைஞ்சிருந்துச்சி, பதவி வேணாம்னு ஆச்சி. அதை விடப் பெருசா ஒண்ணு கையில இருக்குறவன் சின்னதை விடுறது லேசு. இவ கையில இருக்குறதே அந்த ஒரு பொம்மைதான்.

மாப்ளைக்கு எல்லாத்துக்கும் ஆராய்ச்சி வேணும், அதையும் அவர் வாயாலயே படிக்க வச்சேன். 2008-ல சுவிட்சர்லாந்துல 3 வயசுல இருந்து 8 வயசு வரைக்கும் பிள்ளைங்களைக் கூப்ட்டு, "உனக்கு ஒரு மிட்டாய், இன்னொருத்தனுக்கு ஒரு மிட்டாய் வேணுமா, ரெண்டும் உனக்கே வேணுமா"ன்னு கேட்டாங்களாம். மூணு நாலு வயசுல பத்துல ஒரு பிள்ளை கூடப் பங்கு போடலை. ஏழெட்டு வயசு வந்ததும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் போட்டாங்க. நம்ம பொண்ணு அந்த ஊர்ல பொறந்திருந்தாலும் ரெண்டு மிட்டாயையும் வாயில போட்டுக்கினுதான் வந்திருப்பா. சுவிட்சர்லாந்துக்காரன் அதைப் பொஸ்தகத்துல எழுதி வச்சான். நீ அதுக்கு அவளை மூலையில நிக்க வக்குறே.

2011-ல இன்னொண்ணு, அது எனக்குப் புடிச்சிருந்துச்சி. ஜெர்மனிக்காரங்க ரெண்டு ரெண்டு பிள்ளையா உக்கார வச்சி, ரெண்டு பேரும் சேந்து கயிறு இழுத்தாத்தான் பலகை நகந்து கோலிக்குண்டு கெடைக்குங்குற மாதிரி ஏற்பாடு பண்ணாங்க. இழுத்து முடிச்சிப் பாத்தா ஒருத்தன் பக்கம் 3 குண்டு, இன்னொருத்தன் பக்கம் 1. மூணு வயசுப் பிள்ளைங்க, யாரும் சொல்லாமலே ஒண்ணை எடுத்து அந்தப் பக்கம் தள்ளி ரெண்டு ரெண்டாக்கிட்டாங்க. சும்மா உள்ள வந்ததும் குண்டு கெடந்தா அப்படிக் குடுக்கலை. சேந்து ஒழைச்சாத்தான் குடுத்தாங்க. சிம்பன்ஸிக்கும் வச்சிப் பாத்தாங்களாம், அது ஒழைச்சாலும் ஒழைக்காட்டியும் ஒரே மாதிரி. எங்க ஊர்ல களத்து மேட்டுல நெல்லு அளக்குறப்ப நின்னவன் எவனுக்கும் இந்த ஆராய்ச்சி வேணாம். அறுத்தவனுக்குக் கூலி நெல்லு அளக்க யாரு கையும் நடுங்காது. வேடிக்கை பாத்தவன் முறத்தை நீட்டுனாத்தான் ஏச்சு.

அதனால பொடியனுக்கும் வேலை குடு. எட்டு மாசத்துக்காரனுக்கு இன்னா வேலைன்னு முழிக்காதே. துணி மடிக்கிறப்ப கூடையைக் கூடத்து நடுவுல வை. அவ ஒவ்வொண்ணா எடுத்து "இது அப்பா துண்டு, இது தாத்தா வேட்டி"ன்னு அடுக்கட்டும். அவன் ஒவ்வொண்ணா இழுத்து வெளிய போடட்டும். அடுக்குறதுக்கும் இழுக்குறதுக்கும் ஆள் ஆச்சி. அவ ஒரு பிளாஸ்டிக் டம்ளரை உருட்டி விடட்டும், அவன் ஊந்து போய்ப் புடிச்சிக்கினு நிக்கட்டும், அவ வாங்கித் திரும்ப உருட்டட்டும். அவன் ஊந்து வந்து சேந்ததும் அவ கை தட்டுவா பாரு. அவனுக்குத் தவழக் கத்துக் குடுத்தது நான்தான்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக்குவா. சொல்லட்டும், நீ திருத்தாதே.

பட்டா விசயத்துக்கு வர்றேன். ஒரு அட்டைப் பொட்டி எடு. அவளையே உக்கார வச்சி, யாருக்கும் குடுக்க முடியாத சாமான் எதெதுன்னு அவளையே பொறுக்கச் சொல்லு. மொத நாள் எல்லாத்தையும் உள்ள போடுவா, குப்பைக் கூடை வரைக்கும். போடட்டும். பொட்டி நெறைஞ்சி மூட முடியாமப் போறப்ப அவளே ரெண்டை வெளிய எடுப்பா. உள்ள இருக்குறது பட்டா நிலம், அதைப் பத்தி நீ "விட்டுக்குடு"ன்னு ஒரு வார்த்தை பேசக் கூடாது, மாமியா வந்து கேட்டாலும் பேசக் கூடாது. வெளிய இருக்குறது ஊர்ப் பொது, அதுல அவ "என்னுது"ன்னு பேசக் கூடாது. எல்லை தெரிஞ்ச எடத்துல சண்டை கொறையும். இல்லாமப் போவாது, கொறையும்.

பொட்டியை எங்க வைக்குறது? முடிச்சூர்ல குடியிருக்குற நமக்கு அதை நான் சொல்லித் தரணுமா? 2015 டிசம்பர்ல அடையாத்துத் தண்ணி வீட்டுக்குள்ள வந்து, ஜனங்களைப் படகுல ஏத்துனாங்களே, அதுக்கு அப்பால இந்தப் பக்கம் தரை வீட்டுக்காரன் எவனாவது பத்திரத்தைக் கீழ் தட்டுல வைக்குறானா? தண்ணி எம்புட்டு ஒசரம் வரும்னு செவுத்துல கறை பாத்துத் தெரிஞ்சிக்கினான், அதுக்கு மேல வச்சான். பொடியன் ஒசரம் இப்ப ஒண்ணரை அடி. புடிச்சிக்கினு எழுந்து நின்னா ரெண்டேகால். அதுக்கு மேல, மேசையில அவளுக்கு ஒரு எடம் ஒதுக்கு. கோபுரம் கட்டுறதெல்லாம் அங்க.

இதுவரைக்கும் கிண்டல் பண்ணேன், இப்ப கொஞ்சம் காது குடுத்துக் கேளு. பெரியவ சாமான்ல பாதி பொடியன் தொண்டைக்கு எமன். மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க சாமானைச் சோதிக்க ஒரு குழாய் வச்சிருக்காங்க, வாய் அகலம் 31.7 மில்லிமீட்டர். அதுக்குள்ள முழுசா எறங்குற எதுவும் ஆவாது. நம்ம வீட்டுல குழாய் எதுக்கு, புளியங்கொட்டை, சோழி, கோலிக்குண்டு, வேர்க்கடலை, பென்சில் ரப்பர், எல்லாம் எறங்கும். 2021 ஜனவரி 1-ல இருந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்னு சட்டம். பல்லாவரத்து வெள்ளிக்கிழமை சந்தையில பேரம் பேசி எதையாவது அள்ளினு வந்தா அந்த முத்திரையையும் பாத்து அள்ளு. பாட்டுப் பாடுற பொம்மையிலயும் சின்ன ரிமோட்டுலயும் பொத்தான் பேட்டரி இருக்குது பாரு, அதை முழுங்குனா ரெண்டு மணி நேரத்துல உணவுக்குழாய் வெந்து போவும். மூடி இறுக்கமா இருக்குதான்னு மாப்ள இன்னைக்கே ஸ்குரூ டிரைவர் எடுத்துப் பாக்கட்டும், அந்த வேகத்தை நான் போன் விசயத்துலயே பாத்தேன். அப்புறம் தண்ணி. லாரி வர்ற நாள்ல குளிக்கிற ரூம்ல, அடுப்பங்கரையில, எங்க பாத்தாலும் பக்கெட்டு. தவழ்ற பிள்ளை எட்டிப் பாத்துத் தலைகீழாப் போனா ஒரு சாண் தண்ணி போதும், அதால திரும்ப எழுந்துக்க முடியாது. கதவைச் சாத்து, இல்லாட்டி பக்கெட்டைக் கவுத்து வை. சக்கரம் வச்ச வாக்கர் ஒண்ணு சித்தப்பா வாங்கியாந்து வச்சிருக்காரே, கனடாவுல 2004-லயே அதை விக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க. உள்ள உக்காந்து ஓடுற பிள்ளை படியில உருளுது, அடுப்பு வரைக்கும் எட்டுது. மரத்துல நடைவண்டி இருக்குது, பிள்ளை நிக்கக் கத்துக்கினதும் அதைத் தள்ளட்டும். அதுக்கு இன்னும் நாள் இருக்குது.

சொந்தக்காரங்க வாயை எந்தப் பூட்டால பூட்டுறதுன்னுதான் எனக்கு இன்னும் வெளங்கலை. வீட்டுக்குள்ள நொழையுறப்பவே, "தம்பி வந்துட்டான், இனிமே உனக்கு மவுசு போச்சி"ம்பாங்க. அடுத்தது, "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்குனோம்." எங்க காலத்துல வீட்டுல நெல்லுக் குத்துனோம், தவிடு இருந்துச்சி, பேசுனாங்க. இப்ப பாக்கெட்டுல அரிசி வாங்குற வீட்டுல ஏது தவிடு? ஆனா அந்தப் பொண்ணு அன்னைக்கு எங்கிட்ட வந்து, "தாத்தா, என்னை எந்தக் கடையில வாங்குனாங்க, சண்முகம் ரோடா"ன்னு கேட்டா. பெரியவங்களுக்கு அது சிரிப்பு. அவளுக்கு அது விலாசம் தேடுறது. "உன்னை வாங்கலை, நீயா வந்தே, வர்றப்ப எங்க எல்லாரையும் எழுப்பி விட்டே"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சா. "அப்ப தம்பியை வண்டலூர்ல விட்டுடலாமா?"ன்னு கேட்டா.

நான் அதட்டலை. ஞாயமான யோசனைதான்னு ஒத்துக்கினேன். பட்டணத்துல எடம் பத்தலைன்னுதான் மிருகக்காட்சி சாலையையே 1985-ல வண்டலூர்க் காட்டுக்குக் கொண்டு போனாங்க, அங்க ஆயிரம் ஏக்கருக்கு மேல இருக்குது, பொடியன் எம்புட்டு வேணா தவழலாம்னேன். ஆனா காலையில இட்லி யாரு ஊட்டுறதுன்னு கேட்டேன். "கொரங்கு ஊட்டும்"னா. கொரங்கே தின்னுட்டா? ராத்திரி அழுதா? போர்வை? ஒவ்வொண்ணா அவளே பதில் சொல்லிக்கினு வந்தா. கடைசியா, "ஞாயித்துக்கெழமை மட்டும் விடலாம்"னு விலையைக் கொறைச்சிட்டா. இதைப் போய் நீ "தம்பியை அப்படிச் சொல்லலாமா, தப்பு"ன்னு வாயிலயே போட்டிருந்தீன்னா, அவ மனசுல வண்டலூர் அப்படியே இருந்திருக்கும். சொல்ல விட்டதால ஒரு நாளா சுருங்கிடுச்சி.

அவ மேல உனக்குக் கோவம் வர்றதுக்குக் காரணமும் எனக்குத் தெரியும் கண்ணு. ராத்திரி மூணு தரம் எழுந்து பால் குடுக்குறே, காலையில கால் தரையில பாவலை, இதுல இவளும் கத்துனா யாரைத்தான் அடக்குறது? சத்தம் போட்டா அடங்குறவ இவதான், அதனால இவளை அடக்குறே. அவன் அடங்க மாட்டான்னு உனக்குத் தெரியும். பலம் இல்லாத பக்கம்தான் சட்டம் பாயும், அது வீட்டுக்கும் அப்படித்தான். மாப்ள, நாளையில இருந்து சாயங்காலம் ஆபீசு விட்டு வந்ததும் பொடியனை நீங்க தூக்கிக்கினு மொட்டை மாடிக்குப் போங்க. ஏரோப்ளேன் காட்டுங்க, இந்தப் பக்கம் அதுக்கா பஞ்சம்? அந்த நேரம் இவளும் அம்மாவும் மட்டும் இருக்கட்டும். பேசணும்னு கூட இல்ல. அவ தலையில பேன் பாத்தாப் போதும்.

இந்த ஞாயித்துக்கெழமை உன் நாத்தனா வர்றாளாம். வர்றப்ப பொடியனுக்குக் கிலுகிலுப்பை, சட்டை, இன்னும் என்னென்னமோ வாங்கினு வருவா, இவளுக்கு ஒரு சாக்லேட்டு நீட்டி, "தம்பிக்கும் குடு"ன்னு வேற சொல்வா. இப்பவே போனைப் போடு. பொம்மை எதுவும் வேணாம், மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுல ஒரு சீப்பு வாழப்பழம் வாங்கியாரச் சொல்லு. சீப்பைப் பெரியவ கையில குடுக்கச் சொல்லு, அவ பிச்சி எல்லாருக்கும் பங்கு போடட்டும். பொடியனுக்கு நல்லா மசிச்சிக் குடு. எனக்கு எத்தினி வருதுன்னு மட்டும் கொஞ்சம் கவனிச்சிக்க, போன தரம் அந்தப் பொண்ணு எனக்குத் தோலுதான் குடுத்தா.